ஸ்பீக்கரை மாற்றிவிட்டு வயரிங்கைப் புகழலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பாணி வால்வு கிடார் ஆம்ப்களின் (கண்ணாடி வால்வுகளால் கிடார் ஒலியைப் பெருக்கும் கருவிகள்) ரீஇஷ்யூக்களை, அதாவது மறுவெளியீடுகளை, ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரை பற்றி எழுதுகிறோம். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், கையால் வயரிங் செய்த ஆம்ப்பில் டோன் உயிரோடு இருக்கிறது, சர்க்யூட் போர்டில் செய்ததில் அது செத்துப்போகிறது என்று கட்டுரை முடிந்திருப்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வாசித்துக் கேட்டவர்களின் காதில் குறை இல்லை; அவர்கள் கேட்ட வித்தியாசம் உண்மையானதுதான். அது எங்கிருந்து வந்தது என்பதில் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.

கட்டுரை அதிகம் பேசும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 1993 முதல் வரும் '65 டீலக்ஸ் ரிவெர்ப் போர்டில் செய்தது. '64 கஸ்டம் டீலக்ஸ் ரிவெர்ப் கையால் வயரிங் செய்தது. 1960களின் நடுவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனிலிருந்து வந்த ஏபி763 சர்க்யூட்டின் வாரிசுகள்தான் இரண்டும். இரண்டு 6வி6 அவுட்புட் வால்வுகள், 20 வாட்டை ஒட்டிய சக்தி. ஆனால் '65இல் இருப்பது 100 வாட் தாங்கும் ஜென்சன் சி12கே ஸ்பீக்கர். '64 கஸ்டமில் இருப்பது 35 வாட் ஜென்சன் சி12க்யூ. சிறிய காந்தம், சிறிய காயில். கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே பேஸ் இளகும், நடு அலைவரிசை முன்னால் வரும். சி12கே அதே இடத்தில் இறுகி நிற்கும், ட்ரெபிள் கூர்மையாக வந்து விழும். இது போதாதென்று '65இன் வைப்ரேட்டோ சேனலில் வால்யூம் கண்ட்ரோலின் குறுக்கே 47 பிகோஃபாரட் பிரைட் கண்டென்சர் (ட்ரெபிளைக் கூட்டிக் காட்டும் மின்தேக்கி) ஒன்று உண்டு. '64 கஸ்டமில் அதை எடுத்துவிட்டார்கள். 1 மெகாஓம் கண்ட்ரோலில் 47 பிகோஃபாரட் என்றால், வால்யூமைத் தாழ்த்தி வைத்திருக்கும்போது சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சத்தம் கண்ட்ரோலைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடந்துபோகும். 3இல் வைத்தால் கண்ணாடி கீறுவதுபோல் கேட்பதும், 7ஐத் தாண்டினால் அந்தக் கீறல் காணாமல் போவதும் இதனால்தான். கடையில் யாரும் 7இல் வைத்து வாசிக்க விடுவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய வசதி தேவையில்லை. இரண்டுக்கும் ஸ்பீக்கர் 8 ஓம் என்பதால் ஒன்றன் ஸ்பீக்கர் வயரை மற்றதில் மாட்டிக் கேட்கலாம். மாட்டும்போது இரண்டு ஆம்ப்பும் ஸ்டாண்ட்பையில் இருக்க வேண்டும். ஃபெண்டரின் முதல் ஸ்பீக்கர் ஜாக், பிளக்கை உருவினால் தானாக ஷார்ட் ஆகிக்கொள்ளும். எல்லாக் கம்பெனி ஆம்ப்பிலும் அப்படி இருக்கும் என்று நம்ப வேண்டாம். லோடு (அதாவது ஸ்பீக்கர்) இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எழும் வோல்டேஜ் வால்வு சாக்கெட்டிலேயே பொறி பறக்க வைக்கும். பிறகு '65இன் பிரைட் கண்டென்சரில் ஒரு காலை மட்டும் வெட்டி நிமிர்த்திவிடலாம். வேண்டும்போது மறுபடி ஒட்டிக்கொள்ள முடியும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயின்ஸ் பிளக்கை உருவிவிட்டு, 100 கிலோஓம் 3 வாட் ரெசிஸ்டரை ஃபில்டர் கண்டென்சரின் பிளஸ் முனையிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்ப்பின் உலோகச் சட்டத்துக்கு) ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். அதில் நிற்பது 400 வோல்ட்டுக்கு மேல். ஸ்பீக்கரும் பிரைட் கண்டென்சரும் இப்படிச் சமமான பிறகு, சத்த அளவையும் சமன் செய்து கேட்டால் மிஞ்சுகிற வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

சத்த அளவு என்றதும் கட்டுரையின் இன்னொரு வரி நினைவுக்கு வருகிறது: எல்லா ஆம்ப்பிலும் வால்யூமை 5இல் வைத்தார்களாம். 5 என்பது முன்பலகையில் அச்சடித்த எண், அவ்வளவுதான். ஆடியோ டேப்பர் கண்ட்ரோல்களில் பாதி திருப்பும்போது ஒன்று 10 சதவீதமும் இன்னொன்று 30 சதவீதமும் காட்டக்கூடும். அங்கேயே கிட்டத்தட்ட 10 டெசிபல் வித்தியாசம். 1 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஆம்ப்பைக் காது 'சத்தம் அதிகம்' என்று பிரித்து உணர்வதில்லை. 'நிறைவாக இருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சமன் செய்வது எளிது. பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சலை) இன்புட்டில் கொடுத்து, ஸ்பீக்கருக்கு நேரே 1 மீட்டரில் சத்தமானியை வைத்து, சி வெயிட்டிங், ஸ்லோ நிலையில் இரண்டு ஆம்ப்பும் அரை டெசிபலுக்குள் வரும்படி வால்யூமைத் திருப்ப வேண்டும். கைப்பேசிச் செயலி போதும். அதன் எண் தவறாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே தவறுதான் இருக்கும். இடமும் பிடிப்பும் மட்டும் மாறக்கூடாது. இரண்டிலும் ஸ்பீக்கர் ஒன்றே என்றால் இன்னும் துல்லியமாக, 1,000 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்து ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்க்கலாம். 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 6 சதவீத வோல்டேஜ் பிசகு அரை டெசிபலுக்குச் சமம். ஓவர்டிரைவில் (ஒலி உடைந்து கரகரக்கும் அளவில்) ஒப்பிடுவதாக இருந்தால் நாய்ஸ் உதவாது. ஒரு கிடார் வாசிப்பைப் பதிவு செய்து, ரீஆம்ப் பெட்டி (பதிவை மறுபடி கிடார் சிக்னல் போல ஆக்கித் தரும் கருவி) வழியாக அதையே இரண்டு ஆம்ப்புக்கும் அனுப்பிச் சராசரி அளவைச் சமப்படுத்த வேண்டும். நேரில் வாசித்தால் கை மாறும். ஆம்ப் பிடித்துப்போனால் விரல் தானாக இதமாகும். மைக் வைத்துப் பதிவு செய்பவர்கள் ஷூர் எஸ்எம்57ஐ ஸ்பீக்கர் நடுக் குமிழின் ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளினால் வரும் மாற்றம், பல நேரம் இரண்டு ஆம்ப்களுக்கு இடையிலான மாற்றத்தைவிடப் பெரியது. எனவே ஸ்டாண்டைத் தொடாமல் ஆம்ப்பை மாற்ற வழி பார்க்க வேண்டும்.

எது எந்த ஆம்ப் என்று தெரியாமல் கேட்டுச் சொல்லும் சோதனையும் இல்லாமல் முடிவு எழுதுவது சரியல்ல. இன்னொருவர் மாற்றிப் போட, 10 தடவையில் 9 சரியாகச் சொன்னால் நம்பலாம். தற்செயலாக அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான். 6 சரியாகச் சொல்லிவிட்டு 'மரவேலையின் மணம் டோனில் தெரிகிறது' என்று எழுதுவது பத்திரிகைக்கு அழகாக இருக்கலாம்.

டோன் கண்ட்ரோல் விஷயத்திலும் 'எல்லாம் 5' உதவாது. டீலக்ஸ் ரிவெர்ப்பில் மிட் கண்ட்ரோலே கிடையாது. அந்த இடத்தில் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. ட்வின் ரிவெர்ப்பில் அங்கே 10 கிலோஓம் மிட் கண்ட்ரோல். ஆகவே ட்வினில் மிட்டை ஏறத்தாழ 7இல் வைத்தால்தான் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். ட்வின் 85 வாட், டீலக்ஸ் 22 வாட் என்பதைப் பார்த்து நான்கு மடங்கு சத்தம் என்று கட்டுரை எழுதியிருக்கிறது. சக்தி நான்கு மடங்கு ஆனால் சத்தம் 6 டெசிபல் கூடும், அவ்வளவே.

இனி ஃபெண்டரின் பாஸ்மேனும் இங்கிலாந்தின் மார்ஷல் ஜேடிஎம்45உம். இரண்டும் ஒரே சர்க்யூட், இங்கிலாந்துக்காரர்கள் அப்படியே நகல் எடுத்தார்கள், ஆகவே வித்தியாசம் வயரிங்கிலும் கண்டென்சர் கம்பெனியிலும்தான் என்கிறது கட்டுரை. 1962இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் உருவாக்கிய ஜேடிஎம்45, ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நகல் எடுத்த இடத்திலேயே மூன்று விஷயங்கள் மாறிவிட்டன.

ஒன்று, கிடார் ஒலியை முதலில் பெருக்கும் வால்வு. பாஸ்மேனில் அது 12ஏஒய்7, பெருக்கு எண் 44. மார்ஷலில் இசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7, பெருக்கு எண் 100. அடுத்தடுத்த நிலைகள் மார்ஷலில் வெகு சீக்கிரம் திணறத் தொடங்க இதுவே போதும். 1990இல் வந்த '59 பாஸ்மேன் ரீஇஷ்யூவிலும் இந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7தான் போட்டு விற்றார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு 12ஏஒய்7 செருகினால், பயஸ் (அவுட்புட் வால்வு சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தின் அமைப்பு) எதுவும் பார்க்கத் தேவையில்லாமல், அசலுக்கு ஒரு பெரிய எட்டு நெருங்கிவிடலாம். வால்யூம் 3இலேயே கரகரக்கிறது என்ற குறை போய் 5, 6 வரை சுத்தமாக ஏறும்.

இரண்டாவது, நெகட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக முன் நிலைக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அது. பலர் தவறவிடும் இடம் இது. இரண்டு சர்க்யூட்டிலும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 27 கிலோஓம்தான். வரைபடத்தை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பாஸ்மேனில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலில் இணைத்ததால் அவுட்புட் 2 ஓம். ஃபீட்பேக் எடுப்பதும் அங்கிருந்துதான். மார்ஷலில் 16 ஓம் முனையிலிருந்து எடுத்தார்கள். 45 வாட் வரும்போது 2 ஓமில் 9.5 வோல்ட் இருக்கும், 16 ஓமில் 26.8 வோல்ட். அதே ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வருவது ஏறத்தாழ 2.8 மடங்கு. ஃபீட்பேக் கூடினால் அவுட்புட் இறுக்கமாக, சுத்தமாக நிற்கும். எல்லை தாண்டியதும் சட்டென்று உடையும். குறைந்தால் முன்கூட்டியே மெதுவாகக் கசியத் தொடங்கும். பாஸ்மேன் விரலுக்கு இளகிக் கொடுக்கிறது, ஜேடிஎம்45 தோள் கொடுத்து நிற்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதில் கணிசமான பங்கு இதற்கு உண்டு. பிரசன்ஸ் கண்ட்ரோல் வேலை செய்வதே ஃபீட்பேக்கில் மேல் அலைவரிசையைக் குறைத்துத்தான் என்பதால், இரண்டு ஆம்ப்பிலும் பிரசன்ஸைத் திருப்பும்போது கிடைக்கும் வீச்சும் வேறுபடும்.

மூன்றாவது, பெட்டி. பாஸ்மேன் நான்கு 10 அங்குல ஸ்பீக்கருடன் பின்புறம் திறந்த பெட்டி. ஜேடிஎம்45 தலை, நான்கு 12 அங்குல செலஸ்டியன் கொண்ட மூடிய பெட்டிக்கு மேல் உட்காரும். திறந்த பெட்டியில் முன்னும் பின்னும் வரும் தாழ் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மூடிய பெட்டியில் பேஸ் ஓரிடத்திலிருந்து குத்தும். இதை வயரிங் கணக்கில் எழுதுவது எப்படி?

பிற்காலத்து 100 வாட் சூப்பர் லீடில் டோன் பகுதியின் ரெசிஸ்டரை 56 கிலோஓமிலிருந்து 33 கிலோஓமுக்கும், ட்ரெபிள் கண்டென்சரை 250 பிகோஃபாரடிலிருந்து 500 பிகோஃபாரடுக்கும் மாற்றினார்கள். இந்த இரண்டு மாற்றம் செய்யும் வேலையைக் கண்டென்சரின் நிறமும் முத்திரையும் செய்யாது. போகிற போக்கில் ஒன்று: மார்ஷலின் '1962' காம்போ, '1959' சூப்பர் லீடு என்பவை மாடல் எண்கள். அந்த ஆம்ப்கள் அந்த ஆண்டுகளில் வந்தவை அல்ல. கட்டுரையின் காலவரிசைப் பெட்டியைத் திருத்தி வெளியிட்டால் நல்லது.

'59 பாஸ்மேன் ரீஇஷ்யூவிலேயே இரண்டு வகை உண்டு என்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. 1990இல் வந்ததில் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும்) வால்வு சாக்கெட்டில் சிலிக்கான் பிளக் ஒன்றைச் செருகிக் கொடுத்தார்கள். 2004இல் வந்த எல்டிடி வகையில் 5ஏஆர்4 வால்வும், ஜென்சன் பி10ஆர் ரீஇஷ்யூ ஸ்பீக்கர்களும், பைன் மரப் பெட்டியும் வந்தன. பழையதில் சிலிக்கான் பிளக்கை உருவி 5ஏஆர்4 போடலாம். லோடில் 10 முதல் 20 வோல்ட் இறங்கும், கார்டை ஓங்கி அடித்தால் கொஞ்சம் அமுங்கி எழும். பயஸை மறுபடி பார்க்க வேண்டும். 'இன்னும் அமுங்கட்டுமே' என்று 5யு4ஜிபி போடுபவர்கள் உண்டு. அதன் ஃபிலமென்ட் 3 ஆம்பியர் இழுக்கும். 5ஏஆர்4 இழுப்பது 1.9 ஆம்பியர். அந்தக் கூடுதல் சுமைக்கு 5 வோல்ட் சுற்று தாங்குமா என்று பார்க்காமல் போட்டால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும்.

வாக்ஸ் ஏசி30க்கு வருவோம். கெண்ட் மாகாணத்து டார்ட்ஃபர்டில் ஜேஎம்ஐ நிறுவனம் 1960ஐ ஒட்டி வெளியிட்ட ஆம்ப். டிக் டென்னியின் வடிவமைப்பு. நெகட்டிவ் ஃபீட்பேக் அறவே இல்லை. நான்கு இஎல்84 அவுட்புட் வால்வுகள், கேத்தோடு பயஸ் (வால்வின் கேத்தோடு முனையில் வைத்த ரெசிஸ்டரே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது). ஃபீட்பேக் இல்லாததால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் ஆம்ப்பின் சத்தமும் கூடும்: தாழ்வில் 75 ஹெர்ட்ஸை ஒட்டிய ரெசனன்ஸில் ஒரு மேடு, மேலே ட்ரெபிளில் ஒரு ஏற்றம். அதனால் ஸ்பீக்கர் மாற்றம் ஃபீட்பேக் உள்ள ஆம்ப்களைவிட இதில் அதிகம் தெரியும். இதே ஆம்ப்பைக் கம்பெனியே இரண்டு ஸ்பீக்கரில் விற்றிருக்கிறது: ஏசி30சி2 என்றால் செலஸ்டியன் கிரீன்பேக், எக்ஸ் எழுத்து சேர்ந்தால் அல்நிகோ ப்ளூ. கையால் வயரிங் செய்த எச்டபிள்யூ2 வரிசையிலும் அப்படித்தான். கட்டுரையாளர் ஒப்பிட்டது கிரீன்பேக் போட்ட சி2வையும் ப்ளூ போட்ட கை வயரிங் எச்டபிள்யூ2எக்ஸையும். ப்ளூவின் சென்சிட்டிவிட்டி 100 டெசிபல், கிரீன்பேக் 98. 2 டெசிபலை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதை வயரிங்கின் பெருமையாக எழுதியாயிற்று. சி2வில் ரெக்டிஃபையர் சிலிக்கான், எச்டபிள்யூவில் ஜிஸெட்34 வால்வு (5ஏஆர்4இன் இன்னொரு பெயர்) என்ற வித்தியாசமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ப்ளூவை வாங்கி மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு 15 வாட்தான் தாங்கும். இரண்டு சேர்ந்தால் 30. முழுக்கத் திருகிய ஏசி30 அதைத் தாண்டும். சதுரமாகத் தட்டையான அலையில் இன்னும் அதிகம். மேடையில் பெடல் வைத்து நாள் கணக்கில் அடிப்பவருக்குக் கிரீன்பேக்கே உத்தமம்.

ஏசி30ஐக் கட்டுரை 'கிளாஸ் ஏ' (அவுட்புட் வால்வுகள் ஒருபோதும் ஓயாமல் முழு அலைக்கும் வேலை செய்யும் வகை) என்கிறது. விளம்பரத்தில் அப்படித்தான் போடுவார்கள். சுடச்சுட பயஸ் செய்த, கேத்தோடு ரெசிஸ்டர் வைத்த கிளாஸ் ஏபி (உரத்து வாசிக்கும்போது வால்வுகள் மாறி மாறி ஓயும் வகை) அது. நான்கு வால்வுக்கும் பொதுவான 50 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் 10 வோல்ட் காட்டினால் மொத்தம் 200 மில்லிஆம்பியர், ஒரு வால்வுக்கு 50. ஸ்கிரீனுக்குப் போகும் 5ஐக் கழித்தால் பிளேட்டில் 45. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 310 வோல்ட் என்று வைத்தால் 14 வாட். இஎல்84இன் வரம்பு 12 வாட். வால்வுகள் ஆண்டுக்கொரு முறை ஓய்வதும், போர்டில் நேராக உட்காரும் சாக்கெட்டுகளைச் சுற்றிச் சால்டர் வெடிப்பதும் இந்தச் சூட்டால்தான். 50 ஓமுக்குப் பதில் 82 ஓம் போட்டால் வால்வு நீண்ட நாள் உழைக்கும். ஓவர்டிரைவின் கசிவு சற்றுத் தள்ளிப்போகும்.

பயஸும் மெயின்ஸ் வோல்டேஜும் எழுதாத எந்த டோன் ஒப்பீடும் பாதி ஒப்பீடுதான். டீலக்ஸ் ரிவெர்ப்பில் பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால், 14 வாட் வரம்புள்ள 6வி6க்கு 70 சதவீதம் என்ற கணக்கில் 23 - 24 மில்லிஆம்பியர் சரி. 12இல் வைத்தால் நோட் தேயும்போது மணல் உரசுவது போலக் கேட்கும். 35 வைத்தால் பிளேட் சிவக்கும். பாஸ்மேனின் 432 வோல்ட்டில் 23 வாட் 5881க்கு 37. அளக்கச் சிறந்த வழி, கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடுவது. மீட்டரில் தெரியும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். 20 நிமிடம் சூடான பிறகு பார்க்க வேண்டும்.

230 வோல்ட்டுக்கான ஆம்ப்பில் இரவு 245 வோல்ட் வந்தால் 432 என்பது 460 ஆகிவிடும், ஹீட்டர் 6.3லிருந்து 6.7க்குப் போகும். பகலில் கேட்ட ஆம்ப் இரவில் இறுகி, கடினமாகக் கேட்பது பிரமை அல்ல. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில்) வைத்து, முள்ளை 230இல் நிறுத்திவிட்டால் தொல்லை இல்லை.

வால்வு முத்திரை பற்றி ஒரு வரி. 'மல்லார்ட் வால்வுடன் வருகிறது' என்று கட்டுரை பாராட்டும் ரீஇஷ்யூவில் இருப்பவை ரஷ்யாவின் சராடோவ் ஆலையில் செய்தவை. லங்காஷயரின் பிளாக்பர்னில் செய்த பழைய மல்லார்டுக்கும் அவற்றுக்கும் பொதுவானது பெயர்தான். டங்-சால் என்ற முத்திரையும் இன்று அதே ஆலையில்தான் குத்தப்படுகிறது. கெட்ட வால்வுகள் என்று சொல்லவில்லை. பெயரை வைத்து டோனை ஊகிக்க வேண்டாம் என்பதுதான். பாஸ்மேன், மார்ஷல் வகையில் இரண்டாவது ப்ரீஆம்ப் வால்வின் ஒரு பாதி கேத்தோடு ஃபாலோயராக (சிக்னலைக் கேத்தோடிலிருந்து எடுக்கும் நிலையாக) இருப்பதால், அங்கே கேத்தோடு 170 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஹீட்டர் - கேத்தோடு இன்சுலேஷன் பலவீனமான வால்வை அங்கே செருகினால் கரகரப்பும் ஹம்மும் வரும். அதே வால்வு வேறு சாக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்யும். தூக்கிப் போடாமல் இடம் மாற்றிப் பார்க்கவும்.

அப்படியானால் கை வயரிங்குக்கு மதிப்பே இல்லையா? உண்டு, பழுது பார்க்கும்போது. ஒரு ரெசிஸ்டரை மாற்ற மேலிருந்தே சால்டர் வைக்கலாம். போர்டைக் கழற்றி, கண்ட்ரோல் நட்டுகள் எல்லாம் பிரித்துப் புரட்ட வேண்டியதில்லை. போர்டு ஆம்ப்பில் இன்புட் ஜாக்கின் நட்டு தளர்ந்து, ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் பின்னால் சால்டர் புள்ளி அசைந்து, ஒரு நாள் வெடிக்கும். மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் எங்கே கரகரக்கிறதோ அதுதான் இடம். நட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்கினால் இது வராது.

ஆனால் நம் கடலோர ஊர்களுக்கு மறுபக்கமும் உண்டு, அதைக் கட்டுரை தொடவேயில்லை. 1950, 60களின் ஃபெண்டர்கள் கட்டுரை சொல்வதுபோல் பாயின்ட் டு பாயின்ட் (அட்டை இல்லாமல் பாகங்களை நேரடியாக இணைப்பது) அல்ல. கறுப்பு ஃபைபர் அட்டையில் ஐலெட் (சிறு உலோகக் கண்ணி) அடித்து, அதில் பாகங்களைக் கோத்தவை. அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய அட்டை வழியாக 300 வோல்ட் ஐலெட்டிலிருந்து பக்கத்து கிரிட் ஐலெட்டுக்கு வோல்டேஜ் கசியும். அறிகுறி: வால்யூம் திருப்பினால் சரசரப்பு, டோன் சவசவ, மழைக்காலத்தில் மோசம், ஆம்ப் சூடான ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் தெளிவு. கண்டுபிடிக்க: முதல் வால்வை உருவிவிட்டு ஆம்ப்பை ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸிலும் சிவப்பு முனையை 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டின் 2, 7 பின்களிலும் வைக்கவும். சுழியம் வர வேண்டும். சில நூறு மில்லிவோல்ட் டிசி தெரிந்தால் கசிவு உண்டு. முனையை வெறும் அட்டையில் வைத்தாலே வோல்ட் காட்டினால் சந்தேகமே வேண்டாம். அடுத்த நிலை வால்வுகளில் இதைப் பார்க்கும்போது கப்ளிங் கண்டென்சர் (ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்துவது) லீக்கும் இதே போலத் தெரியும் என்பதால், அதன் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஹேர் டிரையரால் அட்டையைச் சூடாக்கினால் எண் இறங்கும். நாலு நாளில் திரும்ப ஏறும். நிரந்தரத் தீர்வு, அந்த கிரிட் இணைப்பை ஐலெட்டிலிருந்து விடுவித்து அந்தரத்தில் சால்டர் செய்வதுதான். கண்ணாடி இழை போர்டில் செய்த ரீஇஷ்யூவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாரம் இரண்டு கச்சேரி வாசிப்பவர் எங்களிடம் கேட்டால் போர்டு வகையையே வாங்கச் சொல்வோம்.

அசலோடு ரீஇஷ்யூவை ஒப்பிடும்போது எந்த அசல் என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாகங்களின் ஏற்ற இறக்கம் 10, 20 சதவீதம். கார்பன் காம்பொசிஷன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும். 100 கிலோஓம் என்று பட்டை போட்டது 125 காட்டுவது சகஜம். ஸ்பீக்கர் கூம்பு மாற்றியிருப்பார்கள், ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். 1959இல் ஒரே வாரத்தில் வெளிவந்த இரண்டு பாஸ்மேன்கள் இன்று ஒன்றுபோல ஒலிக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

கடைசியாக, அவசரமாகத் திருத்த வேண்டிய ஒன்று. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஆம்ப்பை 'எந்த ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டரிலும் ஓட்டலாம்' என்று கட்டுரையின் துணுக்கு சொல்கிறது. தலைமுடி உலர்த்திக்காக விற்கும் மின்னணு கன்வெர்ட்டர்கள் இதற்கு ஆகவே ஆகாது. இரும்புக் கோர் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். ஆம்ப்பின் பின்பலகையில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதில் இரண்டு மடங்கு விஏ உள்ளதை வாங்கவும். அடுத்தது 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய பவர் ட்ரான்ஸ்ஃபார்மரை 50இல் ஓட்டினால் கோரில் காந்தப் பெருக்கு 20 சதவீதம் கூடும், சூடாகும், இரையும். பின்பலகையில் '50/60' என்று இருந்தால் கவலை இல்லை. '60' மட்டும் இருந்தால் 120க்குப் பதில் 110 வோல்ட் கொடுப்பது நல்லது. ஹீட்டர் 5.8 வோல்ட்டுக்கு இறங்கும், வால்வுகளின் 10 சதவீத வரம்புக்குள்தான் அது. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு முள் ஸ்டெப்-டவுன்களில் எர்த் தொடர்வதில்லை. ஆம்ப்பின் மூன்றாவது முள் அங்கே அந்தரத்தில் நிற்கும். கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். சுவர் சாக்கெட்டின் எர்த் முனைக்கும் ஆம்ப் சேஸிஸுக்கும் நடுவே மீட்டர் 1 ஓமுக்குள் காட்டாத எந்த ஸ்டெப்-டவுனையும் மேடைக்கு எடுத்துப்போக வேண்டாம். துணுக்கை மட்டுமாவது அடுத்த இதழிலேயே திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வால்வு ஆம்ப் பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை.